புரட்டும் கட்டிலும் தலைமாட்டுக் கொக்கியும்

நாள்: 09-02-2026, திங்கட்கிழமை, பகல் 11.20 மணி.

என் பெயர் நல்லகாமன், வயது 53, த/பெ விருமாண்டி. நாகமலை புதுக்கோட்டையில் மனைவி, மகளுடன் குடியிருந்து வருகிறேன். காளவாசல் சிக்னலுக்கு மேற்கே இரண்டாவது சந்தில் லேத், வெல்டிங் பட்டறை வைத்துள்ளேன். படிப்பு பத்தாம் வகுப்பு, அதில் கணக்கு மட்டும் இரண்டு தடவை எழுதித் தேறியது. 29-01-2026 அன்று என்னிடம் பதினெட்டு வருடமாக வேலை பார்க்கும் வெல்டர் தவசி, வயது 41, என்பவர் மீது இதே நிலையத்தில் நான் மனு கொடுத்திருந்தேன். அந்த மனுவில் நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருப்பதால், இன்று நானாக ஆஜராகி, சார்பு ஆய்வாளர் பிரியம்வதா அம்மா அவர்கள் முன்பு இந்த வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

கடந்த 2025 மார்ச் மாதம் பட்டறை ஷட்டருக்கு கிரீஸ் வைக்க ஏணியில் ஏறி, ஏணிப் படியிலும் கிரீஸை அப்பிவிட்டு, இறங்கும்போது அதிலேயே வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. அதன் பிறகு பத்து வாரம் படுக்கையில் இருந்தேன். நான் 96 கிலோ. என் மனைவி 45. முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்னைப் புரட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் மனைவி, என் மகள் முத்துமீனா, தவசி, தெருமுனை டீ மாஸ்டர் ஆகிய நாலு பேரும் சேர்ந்துதான் என்னைப் புரட்டுவார்கள். டீ மாஸ்டர் ஒவ்வொரு தடவையும் "அண்ணே, பஸ்ஸைத் தள்ளுறது இதுக்குத் தேவலாம்" என்பார்.

முத்துமீனா தனியார் கல்லூரியில் மெக்கானிக்கல் கடைசி வருடம் படிக்கிறாள். நான் படுத்திருக்கும்போதே பக்கத்தில் உட்கார்ந்து நோட்டில் ஒரு கட்டில் வரைந்தாள். கட்டிலின் இரண்டு பக்கமும் நீளமாக இரண்டு உருளை, அதில் சுற்றிய கெட்டித் துணிமேல் நோயாளி. கைப்பிடியைச் சுற்றினால் சைக்கிள் செயின் வழியாக ஒரு உருளை துணியை இழுக்கும், மற்றது விட்டுக்கொடுக்கும், படுத்திருப்பவர் தானாக ஒருக்களிப்பார். பல்சக்கரத்தில் ஒரு நாக்கு விழுந்து பின்னால் போகாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு ஆள், ஒரு கை போதும். நான் எழுந்து நடமாடிய பிறகு ஜூன் முதல் செப்டம்பர் வரை நானும் தவசியும் அதைச் செய்தோம். லேத் வேலை என்னுடையது. வெல்டிங் முழுக்கத் தவசி, ஏனென்றால் நான் வெல்டிங் வைத்தால் கோணும். இது காளவாசல் முழுக்கத் தெரியும்.

அதன் பிறகு மகளின் கல்லூரிப் பேராசிரியர் அனந்தராமன் அவர்கள் கட்டிலை வந்து பார்த்து, இதற்குப் பேட்டன்ட் வாங்கலாம் என்றும், விண்ணப்பம் போடும் வரை வெளி ஆட்கள் யாருக்கும் காட்டக் கூடாது, காட்டினால் கிடைக்காது என்றும் சொன்னார். அன்றிலிருந்து கட்டிலைத் தார்ப்பாய் போட்டு மூடி, மேலே பழைய டயர் இரண்டு வைத்தேன். மச்சினன் வந்து "என்ன மாமா அது" என்று கேட்டதற்கு "செப்டிக் டேங்க் மூடி" என்றேன். 17-11-2025 அன்று முத்துமீனா விண்ணப்பம் போட்டாள்.

24-01-2026 சனிக்கிழமை தமுக்கம் மைதானத்தில் மருத்துவக் கருவிகள் கண்காட்சி என்று கேள்விப்பட்டு, விண்ணப்பம் போட்டாச்சே என்ற தைரியத்தில் பெருமைக்காகப் போனேன். மூன்றாவது வரிசையில் ஒரு கடையில் எங்கள் கட்டில் நின்றது. வேறு பெயிண்ட், வேறு மெத்தை. ஆனால் அதே உருளை, அதே செயின், அதே நாக்கு. தலைமாட்டில் ஒரு கொக்கியில் குளுக்கோஸ் பாட்டில் தொங்கவிட்டிருந்தார்கள். அது ஒன்று மட்டும் அவர்களாக யோசித்தது போலிருக்கிறது, நமக்குத் தோன்றவில்லையே என்று அந்த எரிச்சலிலும் நினைத்தேன். அதன் பிறகு அவர்களின் விளம்பரத் தாளை வாங்கிக்கொண்டு வந்தேன். அந்தக் கம்பெனி பெயர் தனித்தாளில் கொடுத்துள்ளேன். முத்துமீனா கம்ப்யூட்டரில் தேடிப் பார்த்ததில் அவர்கள் 27-10-2025 அன்றே விண்ணப்பம் போட்டிருப்பது தெரிந்தது. எங்களுக்கு மூன்று வாரம் முந்தி.

அதன் பிறகு நான் எல்லோரையும் சந்தேகப்பட்டேன். பேராசிரியரை இரண்டு நாள் சந்தேகப்பட்டேன், அவர் வாசலில் புதுக் கார் நின்றதால். விசாரித்ததில் அது பக்கத்து வீட்டுக்காரர் கார். மகள் வரைந்ததைப் பார்த்திருப்பார் என்று டீ மாஸ்டரைச் சந்தேகப்பட்டேன். அவருக்கு எனக்குச் சர்க்கரை போடக் கூடாது என்பதே நினைவிருக்காது என்பதால் விட்டுவிட்டேன். கடைசியில் சந்தேகம் தவசி மீது நின்றது. அக்டோபரிலிருந்து அவர் செவ்வாயும் வியாழனும் நாலு மணிக்கே கிளம்பினார். கேட்டால் "சும்மா ஒரு சோலிண்ணே, வாரேன்" என்பார். இரண்டு தடவை சிக்னல் பக்கத்தில் வெள்ளைக் காரில் வந்த ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார். 26-01-2026 அன்று அவர் கை கழுவப் போன நேரம் அவருடைய போனை எடுத்துப் பார்த்தேன். என் மகள்தான் அந்தப் போனுக்குப் பூட்டு வைத்துக் கொடுத்தவள் என்பதால் எண் எனக்குத் தெரியும். அதில் எங்கள் கட்டிலின் படம் பதினாலு இருந்தது. எல்லாம் 12-10-2025 தேதி. போனை இருந்த இடத்திலேயே வைத்தேன். அவர் திரும்பி வந்து "என்னண்ணே, வேர்க்குது, பிரஷர் மாத்திரை போட்டியா" என்று கேட்டார். திருடிவிட்டு இம்புட்டு அக்கறையா என்று அதையும் ஒரு சந்தேகமாகச் சேர்த்துக்கொண்டேன்.

அதன் பிறகு 29-ந் தேதி மனு கொடுத்தேன். அதில், கட்டிலை நான், என் மகள், தவசி, பேராசிரியர் தவிர எந்த வெளி ஆளும் கண்ணால் பார்த்ததில்லை என்று சத்தியமாகச் சொன்னேன். அப்போது அதை உண்மை என்றே நம்பிச் சொன்னேன்.

மறுநாள் முதல் தவசியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அவர் கத்தார் நாட்டுக்கு வெல்டர் வேலைக்குப் போவதற்காக வாரம் இரண்டு நாள் பரீட்சைக்குப் பழகி வந்ததும், வெள்ளைக் காரில் வந்தவர் ஏஜென்ட் என்பதும், கைவேலையைக் காட்டச் சொன்னதால் கட்டிலின் வெல்டிங் தையலை மட்டும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பியதும் அப்போதுதான் எனக்குத் தெரிய வந்தது. என்னிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைத்தாராம். நான் அதையும் நம்பவில்லை. என் மனு இருப்பதால் அவருக்கு வர வேண்டிய போலீஸ் சான்றிதழ் நிற்பதாகவும், 12-ந் தேதிக்குள் அது போய்ச் சேராவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் அவர் மனைவி என் மனைவியிடம் வந்து அழுதார். திருடன் தப்பிக்கப் பார்க்கிறான் என்று நான் வீட்டில் சத்தம் போட்டேன்.

அதன் பிறகு 03-02-2026 அன்று சார்பு ஆய்வாளர் அம்மா பட்டறைக்கு வந்து தார்ப்பாயை விலக்கிக் கட்டிலைப் பார்வையிட்டார். கைப்பிடியில் காய்ந்திருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் காட்டி, "இந்தப் பொட்டு எப்ப வச்சது" என்று கேட்டார். "ஆயுத பூஜைக்கு வச்சது மேடம்" என்றேன். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். நான் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

01-10-2025 புதன்கிழமை ஆயுத பூஜை. பட்டறையில் உள்ள எல்லாச் சாமானையும் கழுவிப் பொட்டு வைத்து வாசலில் வரிசையாக வைப்பது வழக்கம். அந்த வருடம் செய்த புது மெஷினை முதலில் வைக்க வேண்டும். அதனால் கட்டிலைத் தார்ப்பாயிலிருந்து எடுத்து வாசலில் வைத்தேன். அதை யாருக்கும் காட்டுவதாக எனக்குத் தோன்றவே இல்லை. சாமிக்கு முன்னால் வைப்பதாகத்தான் நினைத்தேன். முத்துமீனா அன்று அவள் அம்மாவோடு கோயிலுக்குப் போயிருந்தாள். தவசி, கொழுந்தியாளுக்குப் பிரசவம் என்று முந்தின நாளே வாடிப்பட்டிக்குப் போனவர் 3-ந் தேதிதான் வந்தார். கட்டிலுக்கு மாலை போட இடம் இல்லாததால் ஒரு துண்டுக் கம்பியை வளைத்து, தலைமாட்டில் நானே வெல்டிங் வைத்து ஒரு கொக்கி போட்டேன். நடுவில் சாமி படம் சாய்த்திருந்ததால் கொக்கியை நடுவிலிருந்து ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி வைத்தேன். கோணலாகத்தான் வந்தது. மாலை மறைத்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

பூஜை முடிந்து தெருவுக்கே பொரி கொடுத்தேன். அப்போது எதிரே உள்ள மருந்துக் கடைக்குச் சரக்கு கொண்டுவரும் ஹரிநாராயணன் என்பவரும் பொரி வாங்க வந்தார். "இது என்ன சார் புதுசா இருக்கு" என்றார். என்னை அந்தச் சந்தில் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. நான் மாலையை ஒதுக்கிவிட்டுக் கட்டிலில் ஏறிப் படுத்து, அவரையே கைப்பிடியைச் சுற்றச் சொன்னேன். நான் புரண்டேன். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். "சார், இன்னொரு வாட்டி, வீடியோ எடுத்துக்கிறேன்" என்றார். இன்னொரு வாட்டியும் புரண்டேன். செயின் எங்கே போகிறது என்று கேட்டார். மூடியைக் கழற்றிக் காட்டினேன். மறுநாள் முத்துமீனா கொக்கியைப் பார்த்து "அப்பா, இதென்ன மாட்டுக்கொம்பு" என்று திட்டியதால் அதை அறுத்து, தடம் தெரியாமல் தேய்த்துவிட்டேன்.

ஸ்டூலில் உட்கார்ந்து இதையெல்லாம் நினைத்த பிறகு, கம்பெனியின் விளம்பரத் தாளை எடுத்துப் பார்த்தேன். குளுக்கோஸ் பாட்டில் தொங்கிய கொக்கி நடுவிலிருந்து ஒரு சாண் இடப்பக்கம் தள்ளி இருந்தது. என் மகளின் நோட்டில் கொக்கி கிடையாது. தவசி அக்டோபர் 12-ந் தேதி எடுத்த படங்களிலும் கொக்கி கிடையாது. அவர் அதைப் பார்த்ததே இல்லை. அது கட்டிலில் இருந்தது ஒரே ஒரு பகலும் ஒரு இரவும்தான். மேற்படி ஹரிநாராயணன் அந்தக் கம்பெனியில் இப்போது வேலையில் இருப்பதாக மருந்துக் கடைக்காரர் சொன்னார்.

இது எனக்கு 3-ந் தேதியே தெரிந்தும் இன்றுவரை சொல்லவில்லை. பேராசிரியரிடம், யாரோ ஒருவருக்கு நடந்தது போல விசாரித்தேன். விண்ணப்பத்துக்கு முன்னால் தெருவில் வைத்து இயக்கிக் காட்டியது ரெக்கார்டில் வந்தால் கம்பெனிக்காரன் பேட்டன்டும் நிற்காது, வரைந்த பெண்ணின் பேட்டன்டும் நிற்காது என்றார். என்னைக் கேட்காமல் திருடிவிட்டார்கள் என்று சொல்வதற்கும் வழியில்லை, நானே படுத்துக் காட்டியிருக்கிறேன். நான் வாயை மூடிக்கொண்டால், கட்டில் திருடு போனது என்று வாதாட மகளுக்கு ஒரு வழி இருக்கிறது, தவசிக்கு வேறு வேலை கிடைக்காதா என்று ஐந்து நாள் எனக்கு நானே நியாயம் பேசினேன். அந்த ஐந்து நாளும் தவசி காலையில் இந்த நிலையத்தில் வந்து உட்கார்ந்துவிட்டு, மத்தியானம் பட்டறைக்கு வந்து, பாக்கியிருந்த கேட் வேலையை முடித்துக் கொடுத்தார். என்னிடம் பேசவில்லை. வெல்டிங் நேராகத்தான் இருந்தது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை முத்துமீனாவிடம் சொன்னேன். "எத்தனை பேர் பார்த்திருப்பாங்க" என்றாள். நாற்பது பொட்டலம் பொரி கட்டியதில் மூன்று மீந்ததைச் சொன்னேன். "முப்பத்தேழு சாட்சி. தவசி சித்தப்பா மட்டும்தான் அதில இல்லை" என்றாள். அதன் பிறகு அறைக்குள் போய், அவளுடைய நோட்டு, ஆயுத பூஜை அன்று பட்டறைக்கு வந்திருந்த டீ மாஸ்டர் எடுத்த போட்டோ இரண்டையும் ஒரு கவரில் போட்டு என்னிடம் கொடுத்தாள். போட்டோவில் நான் மாலைக்குப் பக்கத்தில் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, பொரி தின்றுகொண்டிருக்கிறேன். கைப்பிடியில் ஹரிநாராயணன் கை இருக்கிறது. இரண்டையும் இத்துடன் ஒப்படைக்கிறேன்.

எனவே தவசி மீது நான் கொடுத்த மனு தவறானது. அவர் எங்கள் கட்டிலை யாருக்கும் காட்டவில்லை. காட்டியவன் நான். அந்தக் கொக்கி நான் போட்டது. மேற்படி மனுவை முடித்து, அவருக்குச் சேர வேண்டிய சான்றிதழ் 12-ந் தேதிக்கு முன்பு கிடைக்க ஆவன செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கண்ணாடியைப் பட்டறையில் விட்டுவிட்டு வந்ததால் எழுதியதை என்னால் படிக்க முடியவில்லை. ஏட்டய்யா வேறு வேலையில் இருந்ததால், வெளியே பெஞ்சில் இருந்த தவசி வாசிக்கட்டுமா என்று கேட்டேன். சார்பு ஆய்வாளர் அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சம்மதித்தார். தவசி நின்றுகொண்டே வாசித்தார். அவரைத் திருடன் என்று சொன்ன இடங்களையும் நிறுத்தாமல் வாசித்தார். கொக்கி வந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, "ஒரு போன் போட்டிருந்தா வாடிப்பட்டியில இருந்து வந்து நேரா வச்சுக் குடுத்திருப்பேன்ல அண்ணே" என்றார். அதையும் எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

இதில் கண்டது எல்லாம் நான் கண்டதும் செய்ததும்தான். இந்தத் தடவை எதையும் விடவில்லை. வாசிக்கக் கேட்டேன், சரியாக உள்ளது.

(ஒப்பம்) வி. நல்லகாமன்

வாசித்துக் காட்டியவர்: (ஒப்பம்) தவசி

என் முன்பாக: (ஒப்பம்) பிரியம்வதா, சார்பு ஆய்வாளர்