இருக்கையில் இரண்டு மணல் மூட்டைகள்

வாசலில் அந்தச் சிமெண்டுச் சரிவு வழுக்கவில்லையே? ஈரமாக இருந்தால் கொஞ்சம் பார்த்துத்தான் ஏற வேண்டும். உட்காருங்கள். டீ ஆறுவதற்குள் சொல்லிவிடுகிறேன்.

பின் சக்கரங்களின் கோணத்தை மாற்ற நான் மறந்துவிட்டதாகக் கார் போட்டிக் கிளப் அறிக்கையில் எழுதப்போகிறீர்களாம். அதற்காகத்தான் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரரின் விபத்துக்குப் பிறகு வண்டியைச் சோதித்தவர் நீங்கள், உங்களுக்குத் தொழில் தெரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் வீல் அலைன்மென்ட், சக்கரங்களின் கோணத்தை அளந்து சரிசெய்கிற வேலை, பார்க்கிறேன். ஒரு நட்டைக்கூட மறந்து விட்டதில்லை.

அவரைச் சந்தித்ததே நான் வேலை பார்த்த கடையில்தான். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளில் ஓட்டுகிற சின்னச் சிவப்புக் காரோடு வந்தார். வண்டியை நிறுத்தி இறங்கப்போனவரைத் தடுத்தேன்.

"இறங்காதீங்க. நீங்க உட்கார்ந்திருந்தாத்தான் அளவு சரியா வரும்."

ஆள் எடை ஏறினால் வண்டி அந்தப் பக்கம் அமுங்கும், சக்கரம் லேசாகச் சாயும். தெருவில் ஓடுகிற காருக்கு இதை யாரும் பார்ப்பதில்லை. போட்டி வண்டிக்குப் பார்க்க வேண்டும்.

"எவ்வளவு நேரம் உட்காரணும்?"

"ஏன், அவசரமா?"

"சேச்சே. நிதானமாப் பாருங்க" என்றவர், நான் அளவுக்கு நூல் கட்டுவதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கல்யாணத்துக்குப் பிறகும் போட்டிக்கு முந்தின சாயங்காலம் எங்களுக்கு அப்படியே போகும். பின்பக்க ஷெட்டில், வண்டியின் இரண்டு பக்கமும் நூலை இழுத்துக் கட்டி, ஸ்கேலும் கையுமாக நான் தரையில் ஊர்ந்துகொண்டிருப்பேன். அவர் அசையக் கூடாது. அதனால் பேசுவார். தன் ஆபீஸ் மேனேஜர் மாதிரி இருமிக் காட்டுவார்.

"இந்தப் பக்கம் ரொம்ப அமுங்குது. எடை போட்டுட்டீங்க."

"சமைச்சுப் போட்டது யாராம்? குற்றவாளியே வந்து சோதனை பண்ணுது பாரு."

மற்ற நாட்களில் அவர் வந்ததும் போனதும் செருப்புச் சத்தத்தில்தான் தெரியும். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. சுவர்க் கடிகாரம் நின்றுபோனால்கூட இந்த வீட்டில் உடனே தெரிந்துவிடும்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை இரண்டு மணல் மூட்டைகளோடு வந்தார். ஓட்டுநர் இருக்கையில் வைத்து, பெல்ட்டையும் மாட்டினார்.

"என் எடைக்குச் சரியா நிறுத்துக் கட்டியிருக்கேன்மா. இனிமே எனக்காக நீ காத்துக் கிடக்க வேண்டாம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். நண்பர்கள் வெளியே ஹாரன் அடித்தார்கள், போய்விட்டார். அன்று வேலை சுத்தமாக வந்தது. மணல் அசைவதே இல்லை. முடித்த பிறகு பக்கத்து இருக்கையில் ஏறிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த போட்டிக்கு ஸ்டியரிங்கைக் கொஞ்சம் கோணலாக விட்டேன். அவர் திரும்பி வந்து முகம் சுளித்தார்.

"மூட்டை சரியா உட்காரலைங்க. மனுஷன் உட்கார்ந்தாத்தான் வரும்" என்றேன்.

உட்கார்ந்தார். ஆனால் போனைப் பார்த்துக்கொண்டே. இரண்டு மூன்று முறை அப்படி வரவழைத்தேன். பிறகு ஒருநாள் சாப்பிடும்போது, "உனக்கும் சிரமம். அடுத்த மாசத்துலேருந்து வெளியில காட்டிக்கிறேன். அங்க கம்ப்யூட்டர் மிஷின் இருக்கு, அரை மணியில முடிஞ்சிடும்" என்றார். சரிங்க என்று சொல்லி இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினேன்.

மைதானத்தில் கூம்புகளைச் சுற்றி ஓட்டும் போட்டிக்குப் பின் சக்கரங்களின் முன்விளிம்பைச் சற்று வெளியே விரித்து வைப்பது அவர் வழக்கம். வண்டி சட்டென்று திரும்பும். மெதுவான வேகம், ஆபத்தில்லை. மலைப்பாதைப் போட்டிக்கு அதை உள்ளே மடக்கிவிட வேண்டும். இல்லையென்றால் வேகத்தில் பிரேக்கைத் தொட்டதும் வண்டியின் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். நான் மடக்கவில்லை என்றுதானே எழுதுகிறீர்கள்? விரிவைக் கூட்டினேன். கோணம் மாற பின் சக்கரத்தின் உட்புறம் வைக்கும் தகடுகளை நானே தேய்த்துச் செய்தேன். திரும்பவும் அளந்து பாருங்கள், இரண்டு பக்கமும் மயிரிழை வித்தியாசம் இருக்காது. மறதியில் அப்படி அமையாது.

அந்தப் பாதையை முன்பே இருவரும் நடந்து பார்த்திருந்தோம். மூன்றாவது வளைவில் அழுத்திப் பிரேக் பிடிக்கச் சொன்னவள் நான்தான்.

வண்டி ஒரு சுற்றுச் சுற்றும், பயந்துபோய், 'நீயே பாரும்மா' என்று வந்து உட்காருவார். இதற்கு மேல் நான் எதுவும் நினைக்கவில்லை. பள்ளம் அவ்வளவு ஆழம் என்று யார் கண்டது?

இப்போது நன்றாக இருக்கிறோம். அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, அவ்வளவுதான். முன்போலப் பேச்சு இல்லை. நான் பேசுகிறேன், அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். சக்கர நாற்காலி ஒரு பக்கமாக இழுக்கிறது என்கிறார். சரிசெய்ய ஒரு ஸ்பேனர் போதும். ஆனால் இழுக்கும்போதெல்லாம் என்னைக் கூப்பிட வேண்டியிருக்கிறதே, அது ஒரு பேச்சுத்தானே.

எழுதிக்கொள்ளுங்கள். கைமறதி இல்லை. அவருக்கு ஒரு கீறல்கூட விழ வேண்டும் என்று நான் நினைத்ததில்லை, அதையும் சேர்த்து எழுதுங்கள். போகும்போது சரிவில் பார்த்து இறங்குங்கள். படியை உடைத்து அதைக் கட்டிய கொத்தனார் நல்ல வேலைக்காரர்தான். அந்த மலைப்பாதைப் போட்டிக்கு முந்தின வாரமே முடித்துக் கொடுத்துவிட்டார். அவசரப்படுத்தியது நான், அதனால்தான் கொஞ்சம் வழுக்குகிறது.