கஷாயப் பானை கேட்டு வந்தவர்

— எந்தப் பானை?

— அதான் லுவோம்மா, கஷாயம் காய்ச்சுற மண்பானை. போன குளிர்காலத்துல இருமலுக்குன்னு வாங்கிட்டுப் போனீங்களே.

— அட, அதுவா! முதல்ல உள்ள வாங்க மெங் அண்ணே. எதிர் வீட்டுக்காரர் வாசல்ல நின்னு பானை கேட்டா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?

— யாரு இருக்கா பாக்க? மத்தவங்க எல்லாம் லிஃப்ட் இருக்கிற வீடாப் பாத்துப் போயாச்சு. இந்த மாடியில நம்ம ரெண்டு கதவுதான் திறக்குது.

— அதுவும் சரிதான்... உக்காருங்க. நானே கொண்டாந்து கொடுத்திருப்பேன். ஆனா—

— ஐயய்யோ, அதைச் செஞ்சிடாதீங்க! கஷாயப் பானையைக் கொண்டாந்து கொடுத்தா நோயைக் கொண்டாந்து கொடுத்த மாதிரி. தேவைப்படுறப்போ பானைக்காரன்தான் வந்து எடுத்துட்டுப் போகணும்.

— அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். அப்போ... இப்போ தேவைப்படுதா? யாருக்கு உடம்பு சரியில்ல?

— எனக்குத்தான். வேற யார் இருக்கா என் வீட்ல.

— என்ன பண்ணுது?

— வயிறு. குளிர்ச்சி புடிச்சிடுச்சு.

— நாக்கை நீட்டுங்க.

— என்னது?

— நாக்கு, நாக்கு! எத்தனை வைத்தியருக்கு நான் நாக்கை நீட்டியிருக்கேன், எனக்குத் தெரியாதா? ம்... வயித்துல குளிர்ச்சின்னா வெள்ளையாப் படிஞ்சிருக்கணும். இது பச்சைப் புள்ள நாக்கு மாதிரி இருக்கு.

— காலைல... நல்லா வழிச்சுட்டேன்.

— பொய். கையைக் கொடுங்க, நாடி பாக்குறேன்.

— நீங்க எப்போ வைத்தியரானீங்க?

— பேசாதீங்க. பேசுனா ஒண்ணும் புரியாது.

— ...

— ...

— என்ன, விடவே மாட்டேங்குறீங்க? அவ்வளவு மோசமா?

— குதிரை மாதிரி ஓடுது. உங்களுக்கு ஒண்ணும் இல்ல.

— அப்போ கையை விடுங்க.

— விட்டுட்டேனே!... கை சில்லுன்னு இருக்கு, அவ்வளவுதான். காலைல பூங்காவுக்கு வந்து எல்லாரோடயும் அந்த எட்டு அசைவுப் பயிற்சியைச் செஞ்சா சூடு தானா ஏறும். ஏன் வர்றதே இல்ல?

— முட்டி வலி.

— முட்டி வலிக்காரர் தினம் மாடி இறங்கிப் போயி டோஃபு வாங்கிட்டு வர்றாரு. கதவு ஓட்டை வழியா நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

— வேவு பாக்குறீங்களா?

— வேற என்ன வேலை எனக்கு? உங்க இடத்துல யாரும் நிக்கிறதில்ல, தெரியுமா? கற்பூர மரத்தடியில காலியாவே கிடக்கு. கழுத்தைத் திருப்பிப் பின்னாடி பாக்குற அசைவு வரும்ல, அப்போ திரும்புனா எனக்கு அந்தக் காலி இடம்தான் தெரியுது.

— அங்க ரெண்டு பேர் இடம் இருக்கு லுவோம்மா. ஒண்ணு என்னோடது. ஒண்ணு என் வீட்டுக்காரியோடது.

— ...தெரியும்ணே.

— அவ ஒரு நாள் தவறுனதில்ல. மழை பெஞ்சாலும் நனைஞ்சுகிட்டே நின்னு மூச்சை அடிவயித்துல இறக்குவா. நான் பக்கத்துல நின்னு தூங்கி வழிவேன். "நான் நூறு வயசு இருப்பேன், நீதான் பாதியில போயிடுவே"ன்னு திட்டுவா. ஒழுங்காச் செஞ்சவ போயிட்டா. தூங்குனவன் குதிரை மாதிரி இருக்கேன். இந்த ஆயுசை வெச்சு நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க?

— தனியா உக்காந்திருந்தா அப்படித்தான் தோணும்.

— உங்களுக்குமா?

— என் கதை எதுக்கு? டீ போடட்டுமா? மல்லிகைப்பூ டீ இருக்கு.

— வேணாம், நேரமில்ல... லுவோம்மா, ஒண்ணு கேக்கணும். உங்களுக்கு என்ன நோய்?

— எனக்கா?

— மறைக்காதீங்க. உங்க இருமல் சத்தம் வசந்தத்துலயே நின்னுடுச்சு. கதவு வழியாக் கேக்கும்ல, அதான் தெரியும். ஆனா கஷாய வாசம் மட்டும் நிக்கல. தினம் சாயங்காலம் என் கதவுக்கு அடியில புகுந்து வருது. இவ்வளவு நாள் காய்ச்சிக் குடிக்கிறீங்கன்னா... பெரிய வியாதியா?

— வாசம் வந்துச்சா? உங்க வீட்டுக்கு?

— வராம? ராத்திரிச் சோறே அந்த வாசத்துலதான் சாப்பிடுறேன்.

— வந்தும் ஒரு வார்த்தை கேக்கல நீங்க?

— எப்படிக் கேக்குறது? உங்க வாசல் வரைக்கும் வருவேன். தட்டக் கையை ஓங்குவேன். அப்படியே திரும்பிடுவேன். பானைக்காரன் கதவைத் தட்டுனா, பானை கேக்க வந்துட்டான்னுதானே நினைப்பீங்க? உடம்பு முடியாதவங்ககிட்டப் போயி... அதை ஒரு மனுஷன் செய்வானா?

— அட பாவி மனுஷா...

— ஏன் திட்டுறீங்க?

— ஒண்ணுமில்ல, விடுங்க. அப்போ இன்னைக்கு மட்டும் எப்படித் தட்டுனீங்க?

— ...கீழ என் பொண்ணு காரோட நிக்கிறா.

— ஷியாமென்ல இருந்து வந்திருக்காளா? நல்லதாப் போச்சே! ஒரு வாரம் இருப்பாளா? நான் வேணா கொழுக்கட்டை புடிச்சு—

— என்னைக் கூட்டிட்டுப் போக வந்திருக்கா. ஒரேயடியா. சாவியைக் கூடக் கொடுத்தாச்சு.

— ஓ...

— பானை எனக்கு வேணாம் லுவோம்மா. வயிறும் நல்லாத்தான் இருக்கு. சொல்லாமப் போக மனசு வரல. சும்மா வந்து கதவைத் தட்ட எனக்கு வேற காரணம் தெரியல.

— ...எடுத்துட்டே போங்க. அடுப்பு மேலதான் இருக்கு.

— ஐயோ, உங்களுக்கு வேணுமே! நாளைக்கு எதுல காய்ச்சுவீங்க?

— நாளைக்குக் காய்ச்சப் போறதில்ல. எடுங்க.

— அதெப்படி, வைத்தியர் சொல்லாம நிறுத்தலாமா... இருங்க. என்ன இது? பானைக்குள்ள வெறும் ஆரஞ்சுத் தோலும் ரெண்டு துண்டு அதிமதுரமும்தான் மிதக்குது. எந்த வைத்தியர் எழுதிக் கொடுத்தாரு இதை? எந்த நோய்க்கு?

— எந்த வைத்தியரும் எழுதலண்ணே. எனக்கு ஒரு நோயும் இல்ல. வாசம் வந்தா, யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டு நீங்க ஒரு நாளாவது கதவைத் தட்டுவீங்கன்னு பார்த்தேன்.