கண்ணாடி அலமாரிக்கு நான் சொன்ன யோசனை

நாற்காலியை ஜன்னல் பக்கம் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்ளுங்கள், ஐயா. அந்த மூலையில் வெளிச்சம் போதாது. போன தடவை வந்தபோதே பார்த்தேன், கண்ணைச் சுருக்கிச் சுருக்கி எழுதினீர்கள். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவனுக்கு இதெல்லாம் சட்டென்று கண்ணில் பட்டுவிடும். இந்த வேலையெல்லாம் முடிந்த பிறகு கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள்.

தீ விபத்தைப் பற்றிப் போன வாரம் நான் கொடுத்த வாக்குமூலம் அரைகுறை. மீதியைச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன். நேற்று மாப்பிள்ளையைப் பார்க்கப் போனேன். என் தங்கையின் கணவரைத்தான் சொல்கிறேன். அவர் லிஃப்ட் மெக்கானிக், மின்சாரம் தெரிந்தவர், அலமாரிக்குள் விளக்கு மாட்டியதும் அவர்தான். ஆகவே அவருடைய கவனக்குறைவால்தான் மனைவி செத்தாள் என்று நீங்கள் அறிக்கை எழுதப் போவதாகச் சொன்னார். "எழுதட்டும் மச்சான். நான்தானே அவளைக் கொன்னேன். புடிச்சு உள்ள போடட்டும்" என்றார். சவரம் செய்து எத்தனை நாளாயிற்றோ தெரியவில்லை. எனக்கு மட்டும் காபி போட்டுக் கொடுத்துவிட்டு, நான் குடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

பொம்மையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். சிரிக்காதீர்கள். நாங்கள் இரண்டு பேருமே பழைய பொம்மைகளைச் சேர்ப்பவர்கள். சேர்ப்பவன் ஒரே வகையில் நிற்க வேண்டும் என்பது என் கட்சி. கண்ணில் பட்டதையெல்லாம் சேர்க்கலாம் என்பது அவர் கட்சி. கல்யாணமான நாளிலிருந்து இதே சண்டைதான். சாப்பிட உட்கார்ந்தால் தங்கைதான் நடுவர். "இது ஒத்தைக்காலு, அது குப்பைக்கூடை. ரெண்டுக்கும் நடுவுல நான் மாட்டிக்கிட்டு முழிக்கிறேன்" என்பாள். எனக்கு ஒத்தைக்கால் என்று பட்டப்பெயர் வைத்தவள் அவள்தான். வேறு யார் சொல்லியிருந்தாலும் கோபம் வந்திருக்கும்.

என்னிடம் இருப்பது செல்லுலாய்டு பொம்மைகள் மட்டும். இன்றைய பிளாஸ்டிக் வருவதற்கு முன்பு இருந்த சமாசாரம் அது. முட்டையோடு மாதிரி மெல்லிசு, உள்ளே ஒன்றும் கிடையாது, கற்பூரம் கலந்து செய்வார்கள். மூக்குக்கண்ணாடி ஃப்ரேம்களும் ஒரு காலத்தில் அதில்தான் வந்தன. அப்பா காலத்து ஃப்ரேம்கள் ஒரு தகரப் பெட்டியில் அடைத்துக் கிடந்தன. ஒருநாள் திறந்தேன். மூக்கைத் துளைக்கிற நெடி. ஃப்ரேமெல்லாம் மஞ்சளாகி நொறுங்கிக் கிடந்தது, கீல்கள் பச்சை பூத்துவிட்டன. மூடி வைத்தால் அது தன் ஆவியிலேயே தான் அழுகும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு துண்டை வாசலுக்கு எடுத்துப்போய்த் தீக்குச்சியைக் காட்டினேன். கையை உதறுவதற்குள் அது இல்லாமல் போய்விட்டது.

இப்படி ஒரு பொருளை அக்குவேறு ஆணிவேறாகத் தெரிந்துகொள்வதற்குத்தான் ஒரே வகை போதும் என்கிறேன். மாப்பிள்ளை வீட்டில் தகரக் கார், மரக் குதிரை, பம்பரம், ஈயச் சிப்பாய், கண் போன கரடி, எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். எது எதனால் செய்தது என்று கேட்டால் தலையைச் சொறிவார். அந்தக் கும்பலில் செல்லுலாய்டும் கொஞ்சம் இருந்தது. மூட்டையோடு மூட்டையாக வாங்கியது. அதில் ஒன்று நீச்சல்காரி. சாவி கொடுத்தால் இரண்டு கையும் மாறி மாறிச் சுற்றும், தண்ணீரில் விட்டால் நீந்திப் போகும். என்னிடம் இல்லாத ஒரே உருப்படி அதுதான். நான் வாழ்நாளெல்லாம் தேடிய பொருள் அவருக்கு ஒரு மூட்டையின் அடியில் கிடைத்தது.

மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுப் பார்த்தேன். என்னிடமிருந்து எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "அது கரடிக்குப் பக்கத்துல உட்கார்ந்து பழகிடுச்சு மச்சான், பிரிக்க மனசு வரல" என்று சிரித்தார். தங்கை என் முகத்தைப் பார்த்துவிட்டு, வாசல் வரை கூடவே வந்தாள். "நீ ஒண்ணும் கவலைப்படாதண்ணே. அவரைக் கரைச்சு நான் வாங்கித் தர்றேன். உன் பிறந்தநாளுக்கு உன் கையில இருக்கும்" என்றாள். அறுபது வயதை நெருங்குகிறவனுக்குப் பிறந்தநாள் பரிசு. எனக்குக் கூச்சமாகவும் இருந்தது, ஆசையாகவும் இருந்தது.

அப்புறம் சங்கக் கூட்டம். எங்களைப் போன்ற கிறுக்கர்கள் கொஞ்சம் பேர் மாதம் ஒருமுறை ஒரு டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில் கூடுவோம். அந்த மாதம் இந்த விஷயத்தையே பேச்சுக்கு வைத்தார்கள்: ஒரே வகையா, பல வகையா. நான் மூன்று நாள் தயார் செய்துகொண்டு போய்ப் பேசினேன். யாரோ கொட்டாவி விட்டார்கள். மாப்பிள்ளை வேலை உடுப்போடு நேராக வந்து, கையில் ஒரு குறிப்புகூட இல்லாமல் எழுந்தார். "எந்தப் பிள்ளையாவது ஒரே சாமானை வச்சுக்கிட்டு விளையாடுமா? லாரில குரங்கை ஏத்தும், குரங்கு மேல சிப்பாயை உட்கார வைக்கும். பொம்மைங்க எப்பவும் கலந்துதான் கிடந்துச்சு. நாமதான் சாதி பிரிக்கிறோம்" என்றார். கைதட்டல். அதோடு விட்டிருக்கலாம். "எங்க மச்சான் வீட்டு பொம்மையெல்லாம் ஆஸ்பத்திரி பேஷண்ட் மாதிரி. எட்ட நின்னு பார்க்கலாம், தொடக்கூடாது, சத்தம் போடக்கூடாது" என்றார். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரித்தார்கள். தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன், ஐயா. வேறு என்ன செய்வது.

அவர் மனதில் கள்ளம் கிடையாது. அடுத்த வாரமே கடைக்கு வந்தார். சின்ன அறையில் ஒரு கண்ணாடி அலமாரி அடிக்கப் போகிறேன், உங்க ஷோகேஸ் மாதிரி பளிச்சுன்னு வேணும், எப்படிப் பண்ணலாம், நீங்க சொன்னா சரியா இருக்கும் மச்சான் என்று கேட்டார். என்னைக் கூட்டத்தில் அப்படிப் பேசியதற்கு அது ஒரு வகை மன்னிப்பு என்று இப்போது தோன்றுகிறது.

நான் யோசனை சொன்னேன். தூசி நுழையாமல் கதவு ஓரமெல்லாம் ரப்பர் பட்டை ஒட்டச் சொன்னேன். விளக்கை வெளியே போடாதீர்கள், தட்டுக்குத் தட்டு உள்ளேயே போடுங்கள், பொம்மைக்குப் பக்கத்தில் இருந்தால்தான் முகம் தெரியும் என்றேன். செல்லுலாய்டு நிறம் எடுப்பானது, எல்லாவற்றையும் மேல்தட்டில் விளக்கடியில் வையுங்கள் என்றும் சொன்னேன். கடையில் எல்.இ.டி. மாற்றியபோது கழற்றிப் போட்ட பழைய ஹாலஜன் விளக்குகள் சும்மா கிடந்தன. தொட்டால் கை பொசுங்கும் விளக்குகள். நானே துடைத்துப் பெட்டியில் போட்டுக் கொடுத்தேன். அந்த விளக்குகளைத் தான் வாங்கியதாக அவர் உங்களிடம் சொல்லியிருப்பார். என்னை இதில் இழுக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார். அது பொய்.

மஞ்சளாகும், பிசுபிசுக்கும், ஒட்டிக்கொள்ளும் என்றுதான் கணக்குப் போட்டேன். ஆறு மாதத்தில் ஒருநாள் அலமாரியைத் திறந்து கையைப் பிசைந்துகொண்டு வருவார்; அப்போது நான் பொறுமையாக விளக்குவேன்; சங்கத்தில் எல்லோரும் கேட்பார்கள். இவ்வளவுதான் நான் நினைத்தது. இதை உங்களிடம் சொல்லும்போதே எனக்கு நாக்கு கூசுகிறது. ஏனென்றால் அது எரியும் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்ததை அந்தப் பக்கமாகத் தள்ளி வைத்துவிட்டு, எனக்குப் பிடித்த பாதியை மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அலமாரி வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம் போனேன். அவர் வேலைக்குப் போயிருந்தார். தங்கை வீட்டிலேயே துணி தைப்பவள். முன்னறையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் சின்ன அறைக்குப் போய் அலமாரியைத் திறந்தேன். கற்பூர நெடி முகத்தில் அடித்தது. மேல்தட்டு தோசைக்கல் மாதிரி சுட்டது. பொம்மைகள் விரலில் லேசாக ஒட்டின. நான் நினைத்ததைவிட வேகமாக எல்லாம் நடந்துகொண்டிருந்தது. கீழ்த்தட்டில் கரடிக்குப் பக்கத்தில் இருந்த நீச்சல்காரிக்கு மட்டும் இன்னும் ஒன்றும் ஆகவில்லை. எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தேன். மற்றவற்றைக் கொஞ்சம் நெருக்கி, இடைவெளி தெரியாமல் முன்னால் தள்ளி வைத்தேன். கதவை முன்பு இருந்த மாதிரியே அழுத்தி மூடினேன்.

காப்பாற்றத்தான் எடுத்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வெளியே வந்தால் தங்கை ஊசியில் நூல் கோக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தாள். நான் கோத்துக் கொடுத்தேன். "கண்ணாடி மாத்தணும்ண்ணே, எப்பவும் மறந்துடறேன்" என்றாள். வா, நாளைக்கே மாற்றித் தருகிறேன் என்றேன். விளக்கை அணை, கதவைத் திறந்து வை, அது ஆபத்து என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. ஆனால் சொன்னால் உடனே போய்த் திறப்பாள். திறந்தால் நீச்சல்காரி இல்லை என்று தெரியும். அதனால் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் சொல்ல நினைத்தேன், ஒவ்வொரு நாளும் அதே காரணம் குறுக்கே வந்து நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மூன்று பேரும் முன்னறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தோம். யாரோ பார்க்க வருகிறார்கள் என்று மாப்பிள்ளை காலையிலிருந்தே அலமாரி விளக்கைப் போட்டு வைத்திருந்தார். பொத்தென்று ஒரு சத்தம், கண்ணாடி உடைந்தது. திரும்பிப் பார்த்தால் அந்த அறை வெள்ளை வெளேரென்று எரிகிறது. மூன்று பேரும் வெளியே ஓடி வந்துவிட்டோம். இதுவரைக்கும் போன வாரமே சொன்னேன். மூன்று பேரும், ஐயா. ஒரு கீறல்கூட இல்லாமல் தெருவில் நின்றோம்.

மாப்பிள்ளை மெயின் சுவிட்சை அணைக்கக் கட்டடத்தின் பின்பக்கம் ஓடினார். தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. பாதிப் பேர் என் கடையில் கண்ணாடி வாங்கியவர்கள். தங்கை என் கையைப் பிடித்தாள். "ஐயோ அண்ணே, உன் நீச்சல்காரி" என்றாள். "நேத்துதான் அவரு சரின்னு சொன்னாரு. நாளைக்கு உன்கிட்ட குடுக்கலாம்னு இருந்தேன்."

விடு, பொம்மைதானே என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பொம்மைதானேன்னு நீயா சொல்ற? எனக்குத் தெரியாதா உன்னை" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. அவளுக்காக நான் எதையோ விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அலமாரியில் மேல்தட்டுதான் போயிருக்கும், நீச்சல்காரி கீழே கரடிக்குப் பக்கத்தில் இருக்கிறாள், அலமாரி அறைக் கதவுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது, இப்போது ஜன்னல் பக்கம் மட்டும்தான் எரிகிறது, ரெண்டே எட்டு, எடுத்துக்கொண்டு வந்துவிடுவேன் என்றாள். கொடியில் காய்ந்த போர்வையை இழுத்தாள். நனைத்துப் போர்த்திக்கொண்டு போனால் ஒன்றும் ஆகாது என்றாள். வாசலில் குழாய் இருந்தது, வாளி இருந்தது.

அது என் வீட்டில் இருக்கிறது. இந்த நான்கு வார்த்தைதான் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லியிருந்தால் அவள் என்னைத் திட்டியிருப்பாள், அப்புறம் மன்னித்திருப்பாள். ஆனால் சுற்றி அத்தனை பேர் நின்றார்கள். திருட்டுப்பயல் என்று அவர்கள் என்னைப் பார்க்கிற பார்வையை நினைத்தேன். முகமெல்லாம் சுட்டது, வாய் திறக்கவில்லை. சொல்ல நினைத்தேன், அதற்குள் அவள் உள்ளே போய்விட்டாள், நேரமில்லை என்று உங்களிடம் எழுதிக் கொடுத்தேன் அல்லவா, அதை அடித்துவிடுங்கள். குழாயைத் திறந்துவிட்டது நான்தான். வாளி நிறையும்வரை அவள் என் பக்கத்தில்தான் நின்றாள்.