நானூற்றுப் பதின்மூன்றாவது பொருள்

மத்தியானம் இரண்டு மணி. ஆமாம், மத்தியானம்தான். பேய் என்றால் பன்னிரண்டு மணி அடிக்க வேண்டும், நாய் ஊளையிட வேண்டும், கொலுசுச் சத்தம் கேட்க வேண்டும் என்று உங்களுக்கு யார் சொல்லிவைத்தார்களோ தெரியவில்லை. இதில் கொலுசு கிடையாது. வெள்ளைப் புடவையும் கிடையாது. மண்ணெண்ணெய் நாற்றம்தான் உண்டு.

கரண்ட் எப்போது வருமோ... அதுவரைக்கும் கேளுங்கள். அந்த செல்போன் வெளிச்சத்தை மட்டும் அணைத்துவிடுங்கள், முகத்தில் அடிக்கிறது. காலையிலிருந்து இது என் நெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறது. யாரிடமாவது சொல்லித் தொலைத்தால் தேவலை.

வேலப்பன்சாவடியில் ஹைரோட்டை விட்டு உள்ளே இறங்கினால் ஒரு சாலை. காலேஜ் நடக்கிற நாட்களில் பஸ்ஸும் பைக்குமாகத் திமிலோகப்படும். லீவு விட்டால் ஈ காக்கை இருக்காது. போன வாரம் புதன்கிழமை, சுட்டெரிக்கிற வெயிலில், மோகனப்பிரியா தன் ஸ்கூட்டரில் அந்தச் சாலையில் தனியாகப் போனாள். இந்த மோகனப்பிரியா, என்னோடு வேலை பார்க்கிற சுரேகாவின் அண்ணி. சுரேகா கதை கட்டுகிறவள் இல்லை. கதை கட்ட அவளுக்குப் பொறுமையும் கிடையாது.

சாலை முடிகிற இடத்தில் ஒரு பழைய அரிசி குடோன். ஆவடியில் முப்பது வருடம் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்த ராஜசேகரன் என்கிறவர் அதை வாங்கி, பழைய மோட்டார் சைக்கிள்களுக்கு மியூசியமாக மாற்றிக்கொண்டிருந்தார். வரிசையாக முப்பத்தெட்டு வண்டிகள். நடுவில் ஒரு முழு மெக்கானிக் ஷெட். மாதிரி செய்து வைத்தது இல்லை... நிஜமான ஷெட். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் மதுரைவீரன் என்று ஒரு மெக்கானிக் நாற்பது வருடம் தொழில் பார்த்த இடம். அவர் செத்துப் பத்து வருடம் பூட்டிக் கிடந்ததை அவர் மகள் கஸ்தூரியிடம் விலைக்கு வாங்கி, தகரம் தகரமாகப் பிரித்து, இங்கே கொண்டுவந்து அப்படியே மறுபடி நிறுத்தியிருந்தார்கள்.

அந்த 'அப்படியே' என்பதுதான் மோகனப்பிரியாவின் வேலை. பழசைப் பளபளவென்று ஆக்குவது இல்லை, பழசைப் பழசாகவே வைத்திருப்பது. சுவரில் இருந்த கிரீஸ் கைத்தடம் கலையக் கூடாது. டப்பாவில் கிடந்த பாதி பீடி அந்த டப்பாவிலேயே கிடக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், ஒரு போட்டோ. மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பொருள். தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டோவை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பாள். வீட்டில் உப்பு டப்பா இடம் மாறினால்கூடக் கண்டுபிடிக்கிற ஆள் என்று சுரேகா சிரிப்பாள்.

அன்றைக்குப் பூட்டைத் திறந்தாள். புது பெயின்ட் வாசனைதான் வர வேண்டும். வரவில்லை. மண்ணெண்ணெய்... அதோடு கருகின கிளட்ச் பிளேட் நாற்றம். உள்ளே யாரும் இல்லை. ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம்.

டக்... டக்... டக்.

இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் மேல் ஸ்பேனரால் தட்டுகிற சத்தம். மூன்றே தட்டு. அவள் கால் வைத்ததும் நின்றுவிட்டது.

வெயிலில் தகரம் விரிந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். முடித்தபோது நானூற்றுப் பதின்மூன்று வந்தது. மறுபடி எண்ணினாள். அதே பதின்மூன்று. ஷெட்டின் நடுவில் நின்ற பச்சை வண்டியின் வலது கைப்பிடியில், முன் பிரேக் லீவரின் நுனியில், ஒரு பனியன் வேஸ்ட் துணி கட்டியிருந்தது. பட்டறைகளில் கை துடைக்க வைத்திருப்பார்களே, அதுதான். இரண்டு முடிச்சு. போட்டோவில் அந்தத் துணி இல்லை.

குடோனுக்கு வெளியே, பின்கட்டில் எஞ்சின் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்த பரத்தைக் கூப்பிட்டாள். பரத் அவள் புருஷன், சுரேகாவின் அண்ணன். மியூசியத்துக்கு எஞ்சின் வேலை அவனுடையது. கல்யாணமாகி இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழாவில் அந்தப் பச்சை வண்டியை ஹைரோடு வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பப் போகிறவனும் அவன்தான். எழுபது வருடத்து வண்டி நாலு பேர் முன்னால் ஓட வேண்டும் என்பது ராஜசேகரனின் ஆசை.

"இன்னா பிரியா, துணிக்குப் போயி இப்டி வேர்த்துகினு நிக்கிற? பெயின்ட் அடிக்கிற ஆளுங்க எவனாவது கட்டிருப்பான்" என்றான். பாக்கெட்டிலிருந்து பிளேடை எடுத்தான். சரக்கென்று அறுத்துக் குப்பையில் போட்டான்.

அந்த விஷயத்தில் அவன் கொஞ்சம் அவசரக்காரன்.

வியாழக்கிழமை... அதே இரண்டு மணி. அதே நாற்றம். டக், டக், டக். அதே கைப்பிடியில் வேறு ஒரு துணி. இந்தத் தடவை ஈரமாக இருந்தது. தொட்ட விரலில் மண்ணெண்ணெய் ஒட்டியது. இரவு பூட்டியது அவள். சாவி அவள் இடுப்பில். பெயின்ட் ஆட்களோ முந்தின நாளோடு வேலை முடித்துப் போய்விட்டார்கள்.

பயந்துவிட்டாள். வெளியே வெயிலில் நின்றுகொண்டு வேப்பம்பட்டில் இருக்கிற கஸ்தூரிக்குப் போன் போட்டாள்.

கஸ்தூரி முழுசாகக் கேட்டாள். அப்புறம் கேட்ட முதல் கேள்வி:

"அத்த யாராவது அவுத்தீங்களாம்மா?"

"ஏன்? இன்னா அது?"

"எங்க நைனா வேல முடியாத வண்டிக்குக் கட்டுவாரு. எங்க கோளாறு கீதோ அங்க கட்டுவாரு. கட்டுனா வண்டி ஓடக்கூடாதுன்னு அர்த்தம். வேல முடிச்சதும் அவரே அவுப்பாரு. வேற எவனும் கை வெக்கக்கூடாது, வண்டிக்காரனே ஆனாலும்." கஸ்தூரியின் குரல் இறங்கியது. "அந்தப் பச்ச வண்டிக்காரரு ஒரு நாளு நைனா டீ குடிக்கப் போன நேரமாப் பாத்து அவுத்துப் போட்டுட்டு எடுத்துகினு பூட்டாரு. பாடி ரோட்டுல லாரி அடிச்சு... வண்டி மட்டும்தான் திரும்பி வந்துச்சு. நைனா அதத் தொடவே இல்ல. மறுபடியும் துணியக் கட்டி வெச்சாரு. அவரு சாவற வரைக்கும் அது அதுலயே இருந்துச்சு. நான் சாவி குடுக்கிறப்போகூட இருந்துச்சேம்மா?"

போட்டோவில் இல்லையே! மோகனப்பிரியா நேராகப் பரத்திடம் போனாள்.

"அம்பத்தூர்ல வண்டிய எடுக்கும்போது அதுல துணி இருந்துச்சா?"

பரத் தலையைச் சொறிந்தான். "இருந்துச்சு. நீ படம் எடுக்க வர்றதுக்கு முந்தின நாளு வண்டிய உருட்டும்போது கைல தட்டுதுன்னு அறுத்துப் போட்டேன். அழுக்குத் துணி பிரியா! அதுக்கும் நம்பர் போடுவியா?"

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. அவன்மேல் பாதி, தன்மேல் பாதி. ஏனென்றால் எஞ்சின் மட்டும் ஓடினால் போதும், சக்கரத்தையும் பிரேக்கையும் பிரிக்கவே கூடாது, அந்தக் காலத்து பாகம் அப்படியே இருக்கட்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவள் அவள்தான்.

"முன் சக்கரத்தக் கழட்டு" என்றாள்.

"நீதான கழட்டக் கூடாதுன்னு..."

"கழட்டு பரத். இல்லன்னா ஞாயித்துக்கெழம நீ அதுல ஏற மாட்ட. ராஜசேகரன் சார்கிட்ட நானே சொல்லிக்கிறேன்."

கழற்றினான். டிரம்மைத் திறந்ததும் அவன் சிரிப்பு போய்விட்டது. பிரேக் ஷூவின் லைனிங் முழுசாக விட்டுக்கொண்டு உள்ளே சொருகிக் கிடந்தது. வேகத்தில் ஒரு தரம் அழுத்தியிருந்தால் போதும், முன்சக்கரம் அந்த இடத்திலேயே பூட்டிக்கொண்டிருக்கும். ஓட்டுகிறவன் அப்படியே தலைக்குமேல் போயிருப்பான். பரத் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வெள்ளிக்கிழமை முழுக்க வேலை. புது லைனிங் ஒட்டி, சக்கரத்தை மாட்டி, குடோனுக்குள்ளேயே பத்து தரம் ஓட்டிப் பார்த்தான். ஓட்டும்போதுகூடக் கைப்பிடியில் இருந்த துணியை அவன் தொட அவள் விடவில்லை. "கட்டினவரே அவுக்கட்டும்" என்றாள்.

சனிக்கிழமை இரண்டு மணிக்குப் பூட்டைத் திறந்தாள். நாற்றம் இல்லை. சத்தம் இல்லை. முடிச்சு அவிழ்ந்திருந்தது. துணி நாலாக மடித்து டூல்ஸ் பெட்டிமேல் வைத்திருந்தது. மோகனப்பிரியா கைகூப்பி ஒரு கும்பிடு போட்டாள். நோட்டில் நானூற்றுப் பதின்மூன்று என்று எழுதி, 'துணி, ஒன்று' என்று குறித்தாள்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் உங்களுக்கு இதைச் சொல்லியிருக்கவே மாட்டேன். நல்ல ஆவி, உயிரைக் காப்பாற்றியது, சுபம் என்று எழுந்து போய்ப் படுத்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை திறப்புவிழா ஜாம்ஜாமென்று நடந்தது. பச்சை வண்டி படபடவென்று ஹைரோடு வரைக்கும் போய்த் திரும்பியது. பரத் கழுத்தில் மாலை. ராஜசேகரன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கூட்டம் கலைந்ததும், வேலை செய்த ஆட்களுக்கு டிபன் வாங்கிவர பரத் தன் சொந்த பைக்கில் பூந்தமல்லிக்குக் கிளம்பினான். எட்டு மாதத்து பைக். புத்தம் புதுசு.

மோகனப்பிரியா பூட்டுவதற்கு முன்னால் எண்ணினாள். நானூற்றுப் பன்னிரண்டு. டூல்ஸ் பெட்டிமேல் துணி இல்லை.

வந்தவர்களில் யாராவது எடுத்துவிட்டார்களா என்று பெஞ்சுக்கு அடியில் தேடினாள். வாசல் வரை தேடினாள். அப்புறம் வெளியே, பரத் பைக் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்தாள். தரையில் கிடந்தது... பிளேடால் அறுத்த துணி. முடிச்சு இரண்டும் அப்படியே இருந்தன.

போன் போட்டாள். நாலாவது ரிங்கில் எடுத்தான். காற்றுச் சத்தம்.

"ஹைரோட்டுல கீறேன் பிரியா... புது வண்டி ஹேண்டில்ல துணிய கட்டி வெளாடுறியா? அறுத்துப் போட்டுட்டு வந்தேன்."

"வண்டிய நிறுத்து! நிறுத்து பரத், நிறுத்து!"

அவள் போட்ட கூச்சலில் ராஜசேகரன் ஓடிவந்துவிட்டார். நல்லவேளை, நிறுத்திவிட்டான். ஓரமாக உருட்டிக்கொண்டு போய், பூந்தமல்லியில் அவனுக்குத் தெரிந்த மெக்கானிக் கோபியிடம் விட்டான். கோபி பிரேக்கைப் பிரித்தான், சக்கரத்தைப் பிரித்தான், செயின், ஃபோர்க், ஒன்று விடவில்லை. பரத்தும் கூடவே நின்று பார்த்தான். ஒரு நட்டுகூட லூஸ் இல்லை.

"மாமே, வண்டி தங்கமாட்டம் கீது. ஒரு கொறையும் இல்ல. தைரியமா எடுத்துகினு போ" என்றான் கோபி.

மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டு வந்தான். பத்திரமாக வந்தான். அவள் கட்டிக்கொண்டு அழுதாள். சாப்பிட்டார்கள். நெஞ்சு கொஞ்சம் கரிக்கிறது, அலைச்சல்தான் என்று சொல்லிவிட்டு சீக்கிரமே படுத்துவிட்டான்.

காலை ஐந்தரை மணி இருக்கும். பால் பாக்கெட் விழுகிற சத்தம் கேட்டு அவளுக்கு விழிப்பு வந்தது. இல்லை... பால் பாக்கெட் ஒரு தரம்தானே விழும்? இது மூன்று தரம் கேட்டது. அறைக்குள் மண்ணெண்ணெய் நாற்றம். ஜன்னல் லேசாக வெளுத்திருந்தது.

பரத் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான். மூச்சு வந்துகொண்டிருந்தது. வலது கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. மணிக்கட்டில்... அந்தத் துணி. ஈரமாக. இரண்டு முடிச்சு.

பரத் தூக்கக் கலக்கத்தில் முனகினான். கையில் ஏதோ இறுக்குகிறது போல, இடது கையைக் கொண்டுவந்து முடிச்சைத் தேடினான். விரல் முடிச்சில் படுவதற்குள் அவள் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். வண்டியில் இல்லாத கோளாறு எங்கே என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நடந்தது எப்போது என்று நீங்கள் யாரும் கேட்கவில்லை. இன்றைக்குக் காலையில். ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு சுரேகா எனக்குப் போன் செய்தபோது மணி ஏழு. அப்போதும் மோகனப்பிரியா அந்தக் கையை விடவில்லை.