டயர் பாத்துட்டுப் போகலாம்

காபி நல்லா இருக்கு மேடம். போலீஸ் ஃபிளாஸ்க் காபின்னா கழனித்தண்ணி மாதிரி இருக்கும்னு நினைச்சேன். கேளுங்க, ஒளிக்க என்கிட்ட ஒண்ணுமில்ல.

என் பேரு வெர்லின். பனி கொட்ட ஆரம்பிச்சா மினசோட்டாவை விட்டுட்டு, பிக்கப் வண்டிக்குப் பின்னால ட்ரெய்லர் வீட்டை இழுத்துக்கிட்டு இந்த அரிசோனா பாலைவனத்துக்கு ஓடி வர்ற கிழடுகள்ல நானும் ஒருத்தன். என் மனைவி ஆர்லிஸும் நானும். இந்த முகாம்ல ஒரு வழக்கம் உண்டு. யாராவது கிளம்பினா அக்கம்பக்கத்து ஆளுங்க காபிக் கோப்பையோட வந்து நிப்பாங்க. ஒருத்தர் வண்டியைச் சுத்தி வந்து, கொக்கி, விளக்கு, டயர் எல்லாம் பாத்துட்டு கட்டைவிரலைத் தூக்கணும். தூக்கலைன்னா வண்டி நகராது. அந்த ஒருத்தர் நான்தான். பெருமைக்குச் சொல்லல, வேற யாரும் முன்வரல.

ட்ரெய்லர் டயர் தேய்ஞ்சு சாகாது மேடம். நின்ன இடத்துலயே வெயில்ல வெந்து கிழடாகும். பாத்தா புதுசாத்தான் தெரியும். எந்த வாரம், எந்த வருஷம் செஞ்சதுன்னு ஓரத்துலயே அச்சடிச்சிருக்கு, யாரு குனிஞ்சு பாக்குறா? காத்து குறைஞ்சா ஓட ஓடச் சூடேறும். அப்புறம் நெடுஞ்சாலையில வெடிச்சு, ட்ரெய்லர் தரையைக் கிழிச்சுக்கிட்டு சமையல்கட்டு வரைக்கும் வரும். இதெல்லாம் நான் பயமுறுத்தறதுக்காகச் சொல்றதில்ல.

அக்டோபர்ல, டென்வர்ல இருக்கிற எங்க மகளுக்குப் பொண்ணு பிறந்தது. ஆர்லிஸ் அன்னிக்கே பெட்டியைக் கட்டிட்டா. டயர் பழசு, வேண்டாம்னேன். புது டயர் வாங்கிப் போட வச்சா. புது டயர் போட்டா ஐம்பது மைல் ஓடினதும் சக்கரத்து நட்டை மறுபடி முறுக்கணும். மறுபடி முறுக்காத நட்டை நம்பி ஐம்பது மைல் எப்படி ஓட்டுறது? நியாயமான கேள்விதானே. பிக்கப் சாவியை என் சட்டைப்பையிலேயே வச்சுக்கிட்டேன்.

"குழந்தை சிரிக்குதாம் வெர்லின்"னா. அப்புறம், "குப்புற விழுந்துட்டாளாம்"னா. ஒருநாள், "அவ தவழவே ஆரம்பிச்சுட்டா, உன் நட்டு இன்னும் நகரலையா?"ன்னா. ஆர்லிஸுக்கு எப்பவும் கொஞ்சம் கிண்டல் ஜாஸ்தி.

பக்கத்து ட்ரெய்லர் லுவெல்லா, புருஷன் போனதுக்கப்புறமும் தனியா வண்டி இழுக்கிற பொம்பளை. "வாடி, நான் கூட்டிட்டுப் போறேன். இந்த மனுஷன் டயரையே கட்டிக்கிட்டு அழட்டும்"னா. ஆர்லிஸ் என்கிட்ட, "நீ வர வேண்டாம். திரும்பி வருவேனான்னு அங்க போய் யோசிச்சுக்கறேன்"னு ஏதோ சொன்னா. நான் அதைச் சரியாக் காதுல வாங்கல. என் கவனமெல்லாம் லுவெல்லாவோட டயர் மேல.

உண்மையிலேயே மோசமான டயர். சொன்னா கேக்கற ஆளில்ல. பஞ்சர் பெட்டியில இருக்கிற குத்தூசியால பக்கவாட்டுல ஒரு குத்து, அவ்வளவுதான். ஓடும்போது வெடிக்கிறதைவிட நிக்கும்போது இறங்கறது மேல் இல்லையா?

உடனே எதிர் ட்ரெய்லர் டுவேன், ஆர்லிஸை நான் கூட்டிட்டுப் போறேன்னார். நெஞ்சுவலிக்காரர், டயர் அதைவிட மோசம். அவரைப் பாத்து முகாமே ஆளாளுக்கு, நான் நான்னுது. நல்ல மனுஷங்க. அத்தனை பேர் உயிரும் என் கட்டைவிரல்ல இருக்குன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சது.

சனிக்கிழமை காலையில எல்லாரும் முகாம் கூடத்துல அப்பம் சாப்பிட உக்காந்தாங்க. மாவு கரைச்சு வச்சதே நான்தான். அவங்க சாப்பிடறப்போ வரிசையா ஒவ்வொரு பிக்கப்பா, ட்ரெய்லரா போனேன். டயர் மேல மாட்டின வெயில் உறையைத் தூக்கறது, குத்தறது, உறையை ஒழுங்கா மூடறது. என் வண்டியையும் விடல. பாரபட்சம் எனக்குப் பிடிக்காது.

வெளிய வந்து பாத்த டுவேன் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டார். ஆம்புலன்ஸ் வந்தது. அதோட டயரையும் குனிஞ்சு பாத்தேன். புதுசு. காத்தும் சரியா இருந்தது. குறையே சொல்ல முடியாது. ஆனா ஆர்லிஸ் கைப்பையோட டிரைவர்கிட்ட, "ஊர் வரைக்கும் என்னையும் ஏத்திக்கிறீங்களா"ன்னு கேட்டுக்கிட்டு நின்னா.

அதையும் குத்தினேன்.

கடைசியில டுவேனை ஹெலிகாப்டர் வந்து தூக்கிட்டுப் போச்சு. பொழைச்சுட்டார்னு கேள்விப்பட்டேன், ரொம்ப சந்தோஷம். நான் யாருக்கும் கெடுதல் நினைச்சதில்ல.

ஜன்னல் வழியாத் தெரியுது, ஆர்லிஸ் உங்க ஜீப்புல ஏறி உக்காந்திருக்கா. பீனிக்ஸ்ல டென்வர் பஸ் ஏத்தி விடறதாச் சொன்னீங்க. நல்ல காரியம். என்னைத் திரும்பிக்கூடப் பாக்கல, பரவாயில்ல. கிளம்பறதுக்கு முன்னாடி உங்க டயரை ஒரு தடவை பாத்துடறேன் மேடம். இந்த விலங்கைக் கொஞ்சம் கழட்டுங்க, ஒரு நிமிஷம் போதும்.

மேசை மேல இருக்கிற அந்தக் குத்தூசியையும் கொடுங்க.