வயதாகாத வைரஸ்

எனக்கு மாடுகள் மேல் எந்தக் கோபமும் இல்லை, சார். பால் விடாத டீ என் தொண்டையில் இறங்காது.

என் தங்கைக்குத்தான் மாடு என்றால் பைத்தியம். அப்பா அம்மா போன பிறகு வீட்டில் நானும் அவளும்தான். நன்றாகத்தான் இருந்தோம். திடீரென்று ஊருக்கு வெளியே ஒரு கொட்டகை பிடித்து, மாடு வாங்கிக் கட்டி, அங்கேயே தங்கிவிட்டாள். வீட்டுக்கு வா என்று கூப்பிடும்போதெல்லாம் ஒரே பதில்.

"இதுங்கள விட்டுட்டு எப்படிண்ணா வர்றது?"

நியாயமான காரணம்தான். அதனால் அந்தக் காரணத்தை எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். மாட்டுச் சளிக் காய்ச்சல் வைரஸின் மரபணுவைப் படிப்பது. மந்தைக்கு மந்தை தாவும்போது அதில் ஓரிரண்டு எழுத்து மாறும். அதை வைத்தே எங்கிருந்து எங்கே பரவியது என்று சொல்லிவிடலாம். அக்கம்பக்கத்துப் பண்ணைகளில் காய்ச்சல் வந்ததும் தங்கை பயந்துபோய் என்னிடம்தான் ஓடி வந்தாள்.

மூக்கில் தடுப்பு மருந்து பீய்ச்ச வேண்டும் என்றேன். நானே கொண்டு போனேன். ஒவ்வொரு மாட்டின் தலையையும் அவளே பிடித்துக்கொண்டாள். கடைசியில் வாலு என்று ஒரு கன்றுக்குட்டி. ஓரிடத்தில் நிற்காது.

"மாமா ஒண்ணும் பண்ண மாட்டாருடி. மூக்கக் காட்டு" என்று கொஞ்சினாள். அது என் விரலைச் சப்பியது. அந்தப் புட்டியில் இருந்தது வைரஸ்தான்.

வாலுதான் முதலில் போனது. தங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "நீ மட்டும் மருந்து போடலேன்னா எல்லாமே போயிருக்கும்ண்ணா." ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் என் தோளில் சாய்ந்தாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு மற்ற மாடுகளும் வரிசையாக விழுந்தன.

ஒரு தப்புதான் செய்தேன். ஆய்வகத்தில் வருஷக்கணக்காக உறைந்து கிடந்த பழைய வைரஸ் மாதிரியை எடுத்துவிட்டேன். வெளியே திரிந்த வைரஸ் எவ்வளவோ மாறிவிட்டது. உறைந்ததற்கு வயதே ஆகவில்லை. தங்கையின் மாடுகளில் இருந்ததை என் பக்கத்து மேஜைக்காரி படித்துப் பார்த்தாள்.

"இது நம்ம ஃப்ரீசர்ல இருக்கறதேதான் சார்" என்றாள். வேலையில் கெட்டிக்காரி.

தங்கையிடம் சொல்லிவிட்டீர்களாமே. பரவாயில்லை, கோபப்படுவாள், பிறகு சரியாகிவிடும். அவள் அறையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் சீக்கிரம் விட்டால் நல்லது, சார். அவளிடம் வீட்டுச் சாவி இல்லை. வந்து வாசலில் காத்து நிற்கப் போகிறாள்.