மாமரத்துக்கு ஜாமீன் நின்றவர்

தலைமை தாங்கும் ஜப்பானிய அதிகாரி அவர்களே! என் பேச்சை அவருக்கு மொழிபெயர்க்கும் திரு. முத்துக்குமாரு அவர்களே! மலாயா நாட்டுக் கோலா கெத்தில் பக்கத்து ரப்பர் தோட்டத்துப் பெரியோர்களே! மரவள்ளிக்கிழங்கு அவித்து அவித்தே அலுத்துப்போன தாய்மார்களே! கயிற்றால் கட்டப்பட்டிருக்கும் அண்ணன் அம்மாசி அவர்களே! இத்தனைக்கும் காரணமாகி, இன்னமும் பூக்காமல் எதிரே நிற்கும் மாமரமே! அனைவருக்கும் பணிவான வணக்கம்.

மரம் பூக்கும்படி அதன் முன் பேசச் சொல்லி அதிகாரியின் உத்தரவு. பேசாவிட்டால் என்னையும் கட்டுவார்கள். பேசுகிறேன்.

நடந்தது என்ன? காய்க்காத மரத்தை மிரட்டுவது நம் வழக்கம். ஒருவர் கோடரி ஓங்குவார், ஒருவர் மரத்துக்காகக் கெஞ்சுவார். ஐப்பசியில் மருதம்மாள் அக்கா ஓங்கினார். "இந்த வருசமும் பூக்கலன்னா வெட்டி அடுப்புல வச்சிருவேன்!" அவர் புருஷன் அம்மாசி குறுக்கே பாய்ந்தார். "வேணாம் லா மருதம்மா! தைக்குள்ள பூக்கும், நான் ஜாமீன்!" அந்த நேரம் பார்த்தா அதிகாரி, மொழிபெயர்க்கும் முத்துக்குமாரு ஐயாவோடு அவ்வழியே வரவேண்டும்? அவர் அதை உண்மை ஜாமீன் என்றே எடுத்துக்கொண்டார். இதோ, தை முடிகிறது. மரம் ஏமாற்றினால் ஜாமீன்காரர் சயாம் ரயில் பாதை போடும் வேலைக்கு!

சிரிக்காதீர்கள் ஐயா, மருதம்மாள் அக்கா அழுகிறார். சயாமுக்குப் போனவர்களில் திரும்பி வந்தவர் யார்? முத்துக்குமாரு ஐயா, இதை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம்.

குற்றம் மரத்தினுடையதா? மாமரம் பூக்க மார்கழியில் மழை ஓயவேண்டும், மண் காயவேண்டும், விடியலில் வாடை வீசி உடம்பு வெடவெடக்க வேண்டும். முன்பொரு வருடம் வீசியது, கொல்லையெல்லாம் பூத்தது. இந்த வருடமோ மார்கழியிலும் மழை, தையிலும் மழை! மரம் குடித்துக் குடித்துத் தளிர்விட்டது. பூ விட்டதா? "இல்லை" என்கிறீர்கள். சத்தமாகச் சொல்லுங்கள்!

அந்த மழையைக் கொண்டுவந்த காற்று எந்தத் திசையது? வடகிழக்கு! அதிகாரி அவர்களே, தினமும் காலையில் தங்கள் உத்தரவுப்படி நாங்கள் குனிந்து கும்பிடுவது எந்தத் திசை? அதே வடகிழக்கு! தங்கள் சக்கரவர்த்தியின் திசையிலிருந்து வந்த மழையை மதிக்காமல் பூத்திருந்தால், அதுவல்லவா ராஜத்துரோகம்?

ஆகா! அதிகாரி எழுகிறார். மரத்தைப் பார்த்துத் தலை வணங்குகிறார். நீங்களும் குனியுங்கள்! அண்ணனின் கட்டை அவிழ்க்கச் சொல்கிறார்!

என்ன, முத்துக்குமாரு ஐயா? அடுத்த தைக்கு யார் ஜாமீன் என்று கேட்கிறாரா? நான்! அதோ ஒரு கை, அங்கே ஒரு கை, தாய்மார்கள் பக்கம் அத்தனை கைகள்! தோட்டமே ஜாமீன், அதிகாரி அவர்களே! எல்லோரையும் சயாமுக்கு அனுப்பிவிட்டால் இங்கே ரப்பர் பால் வெட்டுவது யார்?

பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கு நன்றி. குறுக்கே பேசாத மாமரமே, உனக்கும் நன்றி. வரும் மார்கழியில் வானம் வெளுத்தால், உன் காலில் விழுகிறேன், பூத்துவிடு. வணக்கம்.